சென்னைக் கடற்கரைக்குப் போகும் முன்: பருவத்துக்குப் பருவம் கடலைப் பார்த்து இறங்கும் முறை

பெசன்ட் நகரில் மார்ச் மாதம் முழங்கால் நீரில் குழந்தைகள் நின்று விளையாடிய அதே இடத்தில் நவம்பரில் ஆளை மூழ்கடிக்கும் பள்ளம் இருக்கலாம். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மணல், அலை, பஜ்ஜிக் கடை எல்லாம் அப்படியேதான் இருக்கும். மாறியிருப்பது கடலடி மணல். சென்னைக் கரையில் நடக்கும் விபத்துகளில் பல, "போன தடவை இங்கேதானே குளித்தோம்" என்ற நம்பிக்கையில் தொடங்குபவை. போன தடவை பார்த்த கடல் இன்றைக்கு இருப்பதில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் கடலைப் புதிதாகப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதற்கான வழிகாட்டி இது. எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் வரையிலான கரையை மனதில் வைத்து எழுதப்பட்டது.

காற்று திரும்பினால் கடலும் திரும்பும்

நம் கரை வடக்கு தெற்காக நீண்டு கிழக்கைப் பார்த்து நிற்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அலைகள் தெற்கு, தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதும். அப்போது கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடும், மணலும் கூடவே போகும். அக்டோபர் கடைசியில் வாடைக்காற்று தொடங்கியதும் எல்லாம் தலைகீழ். அலை வடகிழக்கிலிருந்து வரும், நீரோட்டம் தெற்கே ஓடும். ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் வடக்கே போகும் மணல்தான் அதிகம்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் கட்டியபோது, வடக்கே போன மணல் அதன் தெற்குப் பக்கம் தேங்கியது. மெரினா இவ்வளவு அகலமானது அப்படித்தான். மணல் வரத்து நின்றுபோன ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் ஊருக்குள் ஏறியது. அங்கே இன்றைக்கு மணலைவிடக் கருங்கல்லும், கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளும்தான் அதிகம். வடசென்னைக் கரையில் கல்மேல் ஏறி அலை பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாசி பிடித்த கல்லில் ரப்பர் செருப்பு நிற்காது. வழுக்கினால் விழுவது இரண்டு கல்லுக்கு இடையிலான பொந்தில். அடுத்த அலை அங்கேதான் வந்து அடிக்கும். தூண்டில் வளைவின் ஓரத்தில் நீர் கல்லை ஒட்டியே உள்ளே இழுக்கும் என்பதால் அதன் பக்கத்தில் இறங்கவே கூடாது.

நீரோட்டத்தின் திசை தெரிந்தால் தண்ணீரின் சுத்தத்தையும் ஓரளவு சொல்லிவிடலாம். மெரினாவின் வட முனையில் கூவம் கடலில் கலக்கிறது, தென்புறம் பட்டினப்பாக்கத்தை ஒட்டி அடையாறு. ஓட்டம் வடக்கே இருக்கும் மாதங்களில் அடையாற்று நீர் மெரினா பக்கம் போகும். வாடை மாதங்களில் அது தெற்கே திரும்பி பெசன்ட் நகர் பக்கம் வரும், கூவத்து நீர் மெரினாவுக்கு வரும். எனவே மழைக்காலத்தில் பெசன்ட் நகர்த் தண்ணீர் கோடையில் இருந்ததுபோல இருக்காது. பெருமழை பெய்தால் ஆறு இரண்டும் ஊர்ச் சாக்கடையைச் சுமந்துகொண்டு கடலில் இறங்கும். மழை விட்டபின் குறைந்தது மூன்று நாள் நீரில் கால் வைக்காமல் இருப்பது நல்லது. காலில் வெட்டுக்காயம் இருந்தால் அதற்குப் பிறகும் வேண்டாம்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் இன்காய்ஸ் தரும் அலை முன்னறிவிப்பைப் பாருங்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்த மத்திய அரசு நிறுவனம் கடலோர மாவட்டங்களுக்கு அலை எச்சரிக்கை தருகிறது. அதில் வரும் அலை உயரத்தை எப்படிப் படிப்பது என்பது பலருக்குத் தெரிவதில்லை. "1 மீட்டர்" என்று போட்டிருந்தால், அது வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. எல்லா அலையும் அதற்குள் அடங்கும் என்று பொருள் இல்லை. இடையிடையே அதைப்போல இரண்டு மடங்கு உயர அலை ஒன்று வரத்தான் செய்யும்.

உயரத்தோடு அலைக்கும் அலைக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். 5, 6 விநாடிக்கு ஒன்று வருவது உள்ளூர்க் காற்று எழுப்பிய அலை. 12 விநாடிக்கு மேல் என்றால் எங்கோ தெற்கே நடுக்கடலில் அடித்த புயல் அனுப்பிய அலை. நடுக்கடலில் அது தாழ்வாகத் தெரியும். கரைக்கு வரும்போது உயர்ந்து, மணலில் ஏறி, ஏறிய நீரெல்லாம் ஒரே வீச்சில் திரும்பும். வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கும்போதும் இது வரும் என்பதால்தான் கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிரிழந்தது இப்படிப்பட்ட கடல் சீற்ற எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். சென்னையை இலங்கை ஓரளவு மறைக்கிறது. ஆனாலும் ஏப்ரல், மே மாதங்களில் எச்சரிக்கை வந்தால் இங்கேயும் கரையில் நிற்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது நாட்காட்டி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாட்களில் கடல்மட்டத்தின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் அதிகம். சென்னையில் அது சுமார் 1 மீட்டர். கேட்க அற்பமாகத் தோன்றும். தாழ்ந்த மணலில் அந்த 1 மீட்டர் நீங்கள் விரித்த பாயையும் தாண்டி வரும். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும்.

புயல் நாட்களில் துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணும் உதவும். 1, 2 என்றால் புயலோ தாழ்வு மண்டலமோ தொலைவில் இருக்கிறது. 3 என்றால் துறைமுகப் பகுதியிலேயே பலத்த காற்று வீசலாம். நம்மைப் பொறுத்தவரை 1 ஏறினாலே கடற்கரைப் பயணத்தை ஒத்திப்போடலாம். புயலின் அலை, புயலுக்கு முன்பே கரைக்கு வந்துவிடும்.

மணலில் முதல் பத்து நிமிடம்

வந்ததும் நீருக்குப் போகாதீர்கள். மேட்டு மணலில் நின்று பத்து நிமிடம் பாருங்கள். அலை ஒரே சீராக வருவதில்லை. சிறியதாகப் பல வந்தபின் பெரியதாக நாலைந்து சேர்ந்து வரும். இரண்டு நிமிடம் பார்த்தவர் சிறிய அலைகளை மட்டும் பார்த்துவிட்டு இறங்கியிருப்பார்.

1. ஈர மணலின் மேல் எல்லையைப் பாருங்கள். அண்மையில் அலை ஏறிய இடம் அது. பை, செருப்பு, பாய் எல்லாம் அதற்கும் பத்து அடி மேலே.

2. அலை எங்கே உடையவில்லை என்று தேடுங்கள். இரண்டு பக்கமும் வெள்ளை நுரையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருத்து அல்லது கலங்கி, நுரை கடல்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தால் அதுதான் இழுப்பு. கரையில் ஏறிய தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. அமைதியாகத் தெரிவதால் குழந்தைகளோடு வருபவர்கள் அந்த இடத்தையே தேடிப் பிடித்து இறங்குவார்கள். அலை உடையாததற்குக் காரணம் அங்கே ஆழம் அதிகம் என்பதே.

3. மணலில் கிடக்கும் காய்ந்த மட்டைத் துண்டு ஒன்றை அலைக்குள் எறிந்து, அது போகும் திசையில் கரையோரமாக நடந்து பாருங்கள். பத்து விநாடியில் அது உங்கள் நடையில் ஏழெட்டு காலடி தூரம் நகர்ந்தால், சாதாரண நீச்சல்காரரால் அந்த ஓட்டத்தை எதிர்த்து அதிக நேரம் நீந்த முடியாது.

4. கரையின் சரிவைப் பாருங்கள். அலை தொலைவிலேயே உடைந்து தவழ்ந்து வந்தால் கடலடி சரிவு குறைவு. கரைக்கு அருகில் வந்து "தொப்" என்று ஒரே அடியாகக் கவிழ்ந்தால் கரை செங்குத்து. இரண்டாவது எட்டில் முழங்கால், நான்காவது எட்டில் மார்பு. மெரினாவில் பல இடங்களில் இப்படித்தான். அங்கே குளிக்கக் காவல் துறை தடை விதித்திருப்பது வெறும் பலகைக்காக அல்ல.

5. அருகில் மீனவர் யாராவது வலை பிரித்துக்கொண்டிருந்தால், "அண்ணே, இன்னைக்குக் கடல் எப்படி?" என்று கேளுங்கள். ஊரூர் குப்பத்திலோ நொச்சிக்குப்பத்திலோ ஒருவர் "வேணாம்" என்றால் அதற்குமேல் எந்தச் செயலியையும் பார்க்க வேண்டியதில்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை

ஆண்டிலேயே மோசமான கடல் இது. வாடைக்காற்று எழுப்பும் அலை குட்டையாக, நெருக்கமாக, ஓயாமல் வரும். ஒன்றில் விழுந்தவர் எழுவதற்குள் அடுத்தது அடிக்கும். கடல் கரையை அரித்து மணலைச் சுவர்போல வெட்டிவிடும். சில இடங்களில் அந்த வெட்டு ஆள் இடுப்பு உயரம், சில இடங்களில் அதற்கும் மேல். அதன் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுவதும், அடியில் குழந்தைகள் குகை தோண்டுவதும் ஆபத்து. ஈர மணல் காயக் காய ஒட்டும் தன்மை போய், எச்சரிக்கை இல்லாமல் சரியும். மணலில் புதைந்தவரை வெளியே எடுப்பது நீரில் விழுந்தவரை எடுப்பதைவிடக் கடினம்.

மழைக்குப் பிறகு பட்டினப்பாக்கத்தில் பனிபோல நுரை ஒதுங்கும். 2019 டிசம்பரில் கரை முழுக்க வெண்மையாகக் கிடந்த நுரைக்குள் குழந்தைகளை உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். சோப்பும் கழிவுநீரும் அலையில் அடிபட்டுப் பொங்கும் நுரை அது. தொடாதீர்கள். தொட்டுவிட்டால் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

இந்த மாதங்களில் கடற்கரைக்கே போகக் கூடாது என்பதில்லை. மழைக்குப் பின் வரும் விடியல், வானம் துடைத்துவிட்டதுபோல இருக்கும், நடப்பதற்கு அருமை. நீரை மட்டும் விட்டுவிடுங்கள். புயல் கடந்த பிறகும் ஒரு வாரம் பொறுங்கள். கடலடி மேடு பள்ளம் எல்லாம் அப்போதுதான் கலைந்து வேறு இடத்தில் அமர்ந்திருக்கும்.

ஜனவரி முதல் மார்ச் வரை: ஆமைக் காலம்

பங்குனி ஆமைகள் முட்டையிட நம் கரைக்கு வரும் மாதங்கள் இவை. நள்ளிரவில் கரையேறி, பின்னங்கால்களால் குடம்போலக் குழி தோண்டி, நூறுக்கு மேல் முட்டையிட்டு, மணலை மூடி, உடம்பாலேயே தட்டிச் சமன்செய்துவிட்டுத் திரும்பும். முழுதும் முடிய முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். மறுநாள் காலையில் டிராக்டர் சக்கரம் ஓடியதுபோலத் தடம் மட்டும் இருக்கும். 1988 முதல் மாணவர்களின் ஆமைப் பாதுகாப்புக் குழு ஒன்று இந்த மாதங்களில் இரவு முழுக்கக் கரையில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறது. வனத் துறையும் பொரிப்பகங்கள் நடத்துகிறது.

இரவில் ஆமையைப் பார்த்தால் அப்படியே நில்லுங்கள். கரையேறும்போது ஆள் நடமாட்டமோ வெளிச்சமோ தெரிந்தால் முட்டையிடாமலே திரும்பிவிடும். டார்ச், செல்போன் விளக்கு, ஃபிளாஷ் எதுவும் வேண்டாம். கட்டாயம் வெளிச்சம் தேவை என்றால் டார்ச் கண்ணாடியில் சிவப்பு ஜெலட்டின் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டி, தரையைப் பார்த்துப் பிடியுங்கள். ஆமையின் முன்னால் போகாமல், பின்பக்கம் 30 அடி தள்ளி நின்று பார்க்கலாம். தொடுவதும் மேலே குழந்தையை உட்கார வைப்பதும் குற்றம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது.

முட்டை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். குஞ்சுகள் வெளிச்சமான பக்கம் நோக்கி ஓடும். இயற்கையில் வெளிச்சமான பக்கம் கடல். நம் ஊரில் அது சாலை விளக்கும் வீட்டு மாடி விளக்கும். கடலோரத்தில் வீடோ விடுதியோ வைத்திருப்பவர்கள் ஜனவரி முதல் மே வரை கடலைப் பார்த்த விளக்குகளை இரவு 10 மணிக்கு மேல் அணைத்தாலே எத்தனையோ குஞ்சுகள் பிழைக்கும். மணலில் குஞ்சைக் கண்டால் கையில் தூக்கிக் கடலில் வீசாதீர்கள். நாயையும் காக்கையையும் விரட்டிவிட்டு, அது தானாக நடந்துபோக வழிவிடுங்கள்.

இறந்து ஒதுங்கிய ஆமையையும் பார்க்க நேரிடும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆமைக்கு மூச்சுவிட மேலே வர வேண்டும், வலைக்குள் சிக்கினால் முடியாது. சடலத்தைத் தொடாமல் வனத் துறைக்குச் சொல்லுங்கள்.

காணும் பொங்கல் இந்தக் காலத்தின் தொடக்கத்தில்தான் வருகிறது. அன்று மெரினாவுக்குப் போகிறவர்கள், குழந்தையின் கையில் காவலர்கள் கட்டும் அடையாளப் பட்டையில் தொலைபேசி எண் தெளிவாக இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். வியர்வையில் மை கலைந்த பட்டையால் பயனில்லை.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை

கோடையில் விடியற்காலைக் கடல் அமைதி. மே கடைசியில் 5.45-க்கெல்லாம் சூரியன் வந்துவிடும், 8 மணிக்குள் திரும்பிவிடுங்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்ததும் அலையும் எழும்.

ஜூன், ஜூலை காலைகளில் வேறொரு ஏமாற்று வேலை நடக்கும். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அலையை அமுக்கிவிடும், கடல் குளம்போலக் கிடக்கும். அந்தக் காற்று கடலை நோக்கி வீசுகிறது. காற்றடைத்த டியூப், பந்து எதையும் நீரில் விட்டால் ஒரு நிமிடத்தில் கைக்கு எட்டாத தூரம் போய்விடும். அதன் பின்னால் போகிறவர் திரும்புவது கடினம். பந்து போனால் போகட்டும்.

ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் மேற்கே கருமேகம் எழுந்தால் மின்னலைக் கவனியுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவு என்றால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வெட்ட வெளி மணலில் உயரமான பொருள் நீங்கள்தான். தள்ளுவண்டிக் கூரையும் மரமும் பாதுகாப்பு இல்லை. கட்டடம் அல்லது காருக்குள் போய், கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் இருங்கள்.

நீரில் இறங்குவதானால்

குளித்தே ஆக வேண்டும் என்பவர்களுக்குக் கோவளம் நல்ல இடம். 2021-இல் தமிழ்நாட்டில் முதலாவதாக நீலக்கொடிச் சான்று (சுத்தம், பாதுகாப்புக்கான சர்வதேசச் சான்று) பெற்ற கடற்கரை அது. அடையாளமிட்ட குளியல் பகுதியும் உயிர்காப்பாளரும் உண்டு. வேறு எங்கும் நீச்சல் தெரியாதவருக்கு முழங்கால்தான் எல்லை. புடவையும் ஜீன்ஸும் நனைந்தால் காலைக் கட்டிவிடும். குழந்தையின் விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள், ஈர விரல் வழுக்கும். கடலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். செல்ஃபி எடுக்கும்போது எல்லோரும் செய்வது அதைத்தான். மது அருந்தியவரை இறங்க விடவே கூடாது.

இழுப்பில் சிக்கினால் கரையைப் பார்த்து நேராக நீந்தாதீர்கள், களைத்துப்போவீர்கள். இழுப்பு உங்களை அடியில் அமுக்காது, அலை உடையும் இடத்துக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடும். மல்லாந்து மிதந்து ஒரு கையைத் தூக்கி உதவி கேளுங்கள். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாக நீந்துங்கள். எந்தப் பக்கம்? கரையோர நீரோட்டம் போகும் பக்கம். வாடைக் காலத்தில் தெற்கே, கோடையில் வடக்கே, பெரும்பாலும். மட்டைத் துண்டு எறிந்து பார்த்தது இதற்கும்தான். அலை உடைந்து நுரைக்கும் இடம் வந்ததும் அலையோடு சாய்வாகக் கரைக்கு வாருங்கள்.

மற்றவர் சிக்கினால் பின்னாலேயே குதிக்காதீர்கள். பெசன்ட் நகர் மணலில் நிற்கும் ஷ்மிட் நினைவுச் சின்னம், 1930 டிசம்பர் 30 அன்று மற்றவர்களைக் காப்பாற்றப் போய் மூழ்கிய ஒருவருக்காகக் கட்டியது. மிதப்பதை எறியுங்கள். மூடி இறுக்கிய காலி 5 லிட்டர் தண்ணீர் கேன் ஓர் ஆளை மிதக்க வைக்கப் போதும். 20 மீட்டர் நைலான் கயிற்றோடு அதைக் காரில் வைத்திருங்கள். ஒருவர் கண்ணை எடுக்காமல் ஆளையே பார்த்துக் கைகாட்டிக்கொண்டிருக்க, இன்னொருவர் அழைக்கட்டும்: அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, மாநிலக் காவல் துறையின் கடலோரப் பாதுகாப்புப் பிரிவுக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல் படைக்கு 1554.

கரைக்குக் கொண்டுவந்தபின் செய்யக் கூடாதது: தோளில் போட்டுச் சுற்றுவது, தலைகீழாகப் பிடிப்பது, வயிற்றை அமுக்குவது. வயிற்றில் உள்ள நீர் மேலே வந்து நுரையீரலுக்குள் போகும், பொன்னான நிமிடங்களும் போகும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சாய்த்து, மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 செ.மீ. அமுங்கும்படி 30 முறை அழுத்தி, 2 முறை ஊதி, மாறி மாறித் தொடருங்கள். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. எழுந்து பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நுரையீரலில் போன நீரின் விளைவு சில மணி நேரம் கழித்தும் தெரியலாம்.

சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டால்

மணலில் நீலமாகக் காற்றடைத்த பைபோல, நூல் தொங்கக் கிடப்பதை மிதிக்காதீர்கள். செத்த பிறகும் கொட்டும். பட்ட இடத்தைத் தேய்க்காமல், நல்ல தண்ணீர் விடாமல், கடல்நீரிலேயே கழுவுங்கள். ஒட்டிய நூலை ஏடிஎம் அட்டையின் விளிம்பால் மெதுவாகத் தூக்கி எடுங்கள். பிறகு பொறுக்கும் சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்தால் வலி குறையும். எந்த வகை என்று தெரியாமல் வினிகர் ஊற்றாதீர்கள், சில வகைகளில் வலி கூடும். மூச்சுத் திணறினாலோ உடம்பெல்லாம் தடித்தாலோ உடனே 108.

கிளம்பும்போது

சுண்டல் தாள், சோளத் தட்டை, தேநீர்க் கோப்பை எல்லாம் வாடைக்காற்றில் பத்தே நிமிடத்தில் கடலில் இருக்கும். அதனால் கொண்டுவரும் துணிப்பையில் ஒன்றைக் குப்பைக்கு என்றே ஒதுக்குங்கள். மணல் மேட்டில் படரும் அடும்பங்கொடியையும் ராவணன் மீசைப் புல்லையும் மிதித்துப் பாதை போடாதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான். கரைவலை இழுக்கும்போது கயிற்றைத் தாண்டாமல் சுற்றிப் போங்கள். காய வைத்த வலை மேல் உட்காராதீர்கள், ஒரு கண்ணி அறுந்தால் அதைப் பின்ன அவருக்கு நேரம் பிடிக்கும். குழந்தைகள் தோண்டிய குழியைக் காலால் தள்ளி மூடி, மிதித்துச் சமன்செய்யுங்கள். மூடாத குழியில் இரவு வரும் ஆமை கவிழும், விடியற்காலையில் ஓடுபவர் கணுக்கால் பிசகும்.